வேலிக்காக விட்ட சாபம்

ஏப்ரல் 5, சனி

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, பச்சரிசி நொய்யில் நாட்டுச் சர்க்கரை கலந்து வேலியோரம் எறும்புக்குப் போட்டேன். என் மகன் இளவரசனுக்கு ஏழரைச் சனி. உறையூர் ஜோசியர் சொன்ன பரிகாரம் இது. போன வருஷம் ஓசூரில் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டானே, அதிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட நான் விட்டதில்லை. செம்பருத்தித் தூரைச் சுற்றி எறும்பு நிறைய. போட்ட கையை எடுப்பதற்குள் மொய்த்துக்கொள்கின்றன. வாயில்லா ஜீவன்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் மனசு குளிர்ந்து போகிறது.

குளிர்ந்தால் பொறுக்குமா? வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி ஜோதி கருவாடு வறுக்கிறாள். சனிக்கிழமையும் அதுவுமாக! வீடு முழுக்க வீச்சம். கேட்க எனக்கு வாய் இருக்கிறது, ஆனால் அவளோடு பேச்சுதான் கிடையாது. அவள் பெண் கனிஷ்காவின் சடங்குக்கு நான் ஆசையாய்க் கொண்டுபோன சீர்த்தட்டுகளைக் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றோடு சரி. பாகம் பிரித்த மனைக்கு நடுவில் அந்த மாதமே செம்பருத்திக் கொம்புகளை ஊன்றினேன். இன்று தலைக்கு மேல் வளர்ந்து, கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கிறது. பூஜைக்குப் பூவும் ஆச்சு, அந்த முகத்தைப் பார்க்காமலும் ஆச்சு.

ஏப்ரல் 9, புதன்

நுனி இலைகளெல்லாம் சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி மொத்தையாய் நிற்கின்றன. மொட்டு மலராமலே உதிர்கிறது. வெயிலா, தண்ணீர் போதவில்லையா?

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு அன்றைக்கு ஒரு பூ இல்லை. இவர் அம்மாமண்டபம் போய் வாங்கிவந்தார். என் வேலியில் பூ இல்லாமல் நான் கடைப் பூ வைத்துக் கும்பிட்டேன். மனசே சரியில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். இலையைத் தடவினால் கையெல்லாம் பிசுபிசுப்பு. சில இலைகளில் கறுப்பாய்ப் படிந்திருக்கிறது, துடைத்தால் மை மாதிரி வருகிறது. என்னது இது? யோசிக்கவே வேண்டாம். ஜோதியின் புருஷன், அதுதான் என் கொழுந்தன் நவநீதன், தில்லை நகரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கழிவு ஆயில் டப்பா டப்பாவாய்க் கிடக்கும். கொண்டுவந்து தெளிக்கிறார்கள்!

அவனுக்கு ரொம்ப நாளாய் இங்கே காம்பவுண்டு சுவர் கட்ட ஆசை. பொங்கலப்போ இவரிடம், "வேலி எதுக்குண்ணே, குப்பை, கொசு. ஒரே சுவரா எழுப்பிடலாம்" என்றானாம். சுவர் வந்தால் என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் வரும். பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு சமைக்க வேண்டும். காற்று ஒரு பொட்டு வராது. வேலி செத்தால்தானே சுவர் வரும்? அதற்குத்தான் இந்த வேலை.

இவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். முப்பது வருஷமாய் இந்த ஒரு வார்த்தையில் குடித்தனம் நடத்துகிறார் என் வீட்டு ராசப்பன்.

ஏப்ரல் 19, சனி

நொய் போட்டேன். எறும்பு இப்போது இன்னும் அதிகம். இளவரசன் போனில் சிரிக்கிறான். "எறும்புக்கு சாப்பாடு போட்டா சனி எப்படிம்மா போகும், அதுவும் சேர்ந்து சாப்பிடுமா?" என்கிறான். சிரிக்கட்டும். உடைந்த கை கூடிவந்தது யாரால்?

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஒரு பிடி பிடித்துவிட்டேன். நேராய்ப் பேசவில்லை, செடியைப் பார்த்துத்தான். "வாயில்லாத செடி மேல ஆயில் ஊத்துறவங்க கையி அழுகிப் போகும்" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. அப்புறம் ஜோதி, கனிஷ்காவிடம் சொல்கிற மாதிரி, "ஏன்டி, சில பேருக்குத் தண்ணி ஊத்தவே துப்பில்லை, அடுத்தவங்க ஆயில் ஊத்துறாங்கன்னு சொல்றதுக்கு மட்டும் நல்லா வாய் இருக்கு" என்றாள்.

"துப்பு இருக்கறவங்க தட்டை எங்க வைக்கணும்னு கத்துக்கட்டும்!"

"தட்டைத் தூக்கிட்டு வந்தவங்க முகத்தைச் சிரிச்சாப்புல வெச்சிருந்தா முன்னாடி வெச்சிருப்போம்!"

கனிஷ்காதான் பாவம், நடுவில். "பெரியம்மா, அம்மா, போதும், நான் படிக்கணும்" என்றாள். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் கிடையாது.

மே 4, ஞாயிறு

சுருண்ட நுனிகளைக் கத்தரியால் வெட்டினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு, அரிசி மாவு அப்பின மாதிரி. இது என்ன புது விஷம்? வெட்டியதையெல்லாம் தூரிலேயே போட்டு வைத்தேன், காய்ந்து உரமாகட்டும் என்று. பிறகு வாளி வாளியாய்த் தண்ணீர்.

ஆயிலைக் கழுவினால் சரியாகிவிடும்.

மே 8, வியாழன்

சரியாகவில்லை. நடுவில் ஆறேழு செடி மொத்தமாய் மஞ்சளித்து, தொட்டால் பொலபொலவென்று கொட்டுகிறது. நவநீதன் வாசலில் நின்று ஒரு ஆளோடு அளவு பேசிக்கொண்டிருந்தான். டேப் கையில். என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணி, வேலி ரொம்ப வாடிருச்சு போல" என்றான். போல! கொன்றவனே துக்கம் விசாரிக்க வருகிறான்.

கெடுவான் கேடு நினைப்பான். பார்க்கத்தானே போகிறேன்.

மே 9, வெள்ளி

செய்துவிட்டேன்.

உச்சி வெயில் நேரம். நடுச்செடி ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டேன். வேலியோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரினேன். "இந்த வேலியைக் கெடுத்தவங்க யாரா இருந்தாலும், அவங்க பெத்தது இப்படித்தான் பட்டுப்போகணும்! பட்டுப்போகணும்!" என்று மூன்று தரம் தூற்றினேன். மண் காற்றில் அந்தப் பக்கம் போய் அவர்கள் துணிகள் மேல் விழுந்தது.

தெருவில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எதிர் வீட்டு ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜோதி துணி எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பயந்துவிட்டாள்! பயப்படட்டும்.

இவர் மட்டும் சாப்பிடவில்லை. "பெத்ததைச் சொல்லலாமா சந்திரா? கனிஷ்கா உன்னைப் பெரியம்மாங்குது" என்றார். அப்படி யோசித்துச் சொல்லவில்லைதான். வாயில் வந்தது அது.

மே 10, சனி

இன்று நொய் இரட்டிப்பாகப் போட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மனசு கொஞ்சம் உறுத்தியது, அதனால் இருக்கும்.

மே 18, ஞாயிறு

வேலியில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை. அந்த வழியாக அவள் அடுப்படி தெரிகிறது. முறத்தில் அரிசி புடைக்கிறாள். நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. என்னைவிடச் சின்னவள்.

மே 23, வெள்ளி

இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு கிளையை ஒடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு திருவானைக்கோவில் நர்சரிக்குப் போனேன். ஆயில் ஊற்றியதுதான் என்று அவர்கள் வாயால் வாங்கிவிட வேண்டும், அப்புறம் நவநீதனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைப்பு.

நர்சரி நடத்துகிற இர்பானா ஒரு கையில் போன், ஒரு கையில் பில் புத்தகம். பையைப் பிரித்தவள் அலறி மூடிவிட்டாள்.

"ஐயோ, இதை உள்ள கொண்டாராதீங்கம்மா! என் செடி பூரா போயிரும். இது மாவுப்பூச்சி."

"பூச்சி இல்லம்மா, ஆயில் ஊத்திருக்காங்க. பிசுபிசுன்னு இருக்கு பாரு. கறுப்பா இருக்கு பாரு."

"பிசுபிசுப்பு அந்தப் பூச்சி விடுற கழிவு. அது மேல பூஞ்சை புடிச்சாக் கறுப்பாயிரும். ஆயிலெல்லாம் ஒண்ணும் இல்ல." அப்புறம் போனில் யாரையோ திட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எறும்பு இருக்கா அங்க?"

"இருக்கு."

"நெறையவா? அப்ப மருந்து அடிச்சும் பிரயோசனமில்ல. எறும்புதான் அதை மேய்க்குது. கழிவு இனிப்பா இருக்குமுல்ல, அதுக்காக நம்ம மாடு வளக்குறாப்புல வளக்கும். ஒரு செடியிலேர்ந்து இன்னொரு செடிக்குத் தூக்கிட்டுப் போய் வுடும். மொதல்ல எறும்பை நிறுத்துங்க. ஏன் அவ்வளவு எறும்பு வருது? இனிப்பு கினிப்பு கொட்டுறீங்களா?"

வேப்பெண்ணெய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இவள் மருந்து விற்பதற்காக எதையாவது சொல்கிறாள். அப்படித்தான் இருக்கும்.

மே 24, சனி

நொய்யைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போடவில்லை. பார்த்தேன்.

போன வாரம் போட்ட இடத்திலிருந்து எறும்புச் சாரை தண்டு வழியாக ஏறுகிறது. நேராய் அந்த வெள்ளைப் பஞ்சுக்குத்தான் போகிறது. நான் வெட்டிப் போட்ட நுனிகளிலிருந்து ஒரு எறும்பு வெள்ளையாய் எதையோ வாயில் கவ்விக்கொண்டு, இன்னும் கெடாத செடியில் ஏறியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பூச்சிதான். கால் ஆடுகிறது.

நான் போட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை, குளித்து முழுகி, நானே போட்டது.

வேலியைக் கெடுத்தவங்க யாரா இருந்தாலும். அப்படித்தானே சொன்னேன்? யாரா இருந்தாலும் என்று சொன்னேனே. பேரைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லையே! அவங்க பெத்தது — ஐயோ, நான் பெத்தது ஒண்ணே ஒண்ணுதானே. ரெங்கநாதா, என் வாயில ஏன் புத்து வைக்கல நீ?

மே 25, ஞாயிறு

இளவரசன் போன் எடுக்கவில்லை.

மே 26, திங்கள்

எடுத்தான். காய்ச்சலாம். "சும்மா வைரல்தாம்மா" என்கிறான். குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி.

மே 28, புதன்

டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான் கூட வேலை செய்கிற பையன் ஹாலித். இவர் ராத்திரி பஸ்ஸுக்கு ஓசூர் கிளம்பிவிட்டார். நானும் வருகிறேன் என்றேன். "நீ அங்க வந்து அழுதா அவன்தான் பயப்படுவான்" என்றார்.

இவரிடம் எறும்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாத்துக்கலாம் என்பார் என்று நினைத்தேன். ஒன்றுமே சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம்.

எங்கள் திருவெள்ளறைப் பக்கம் ஒரு முறை உண்டு. விட்ட சாபத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், தூற்றின இடத்து மண்ணை மடியில் வாரிக்கொண்டு போய், யாரை நினைத்துச் சொன்னோமோ அவர்கள் எதிரே கொட்டி, சொன்னது என்னோடு போகட்டும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் காது கேட்கச் சொல்ல வேண்டும்.

ஜோதி எதிரிலா? அதற்கு நான் கொள்ளிடத்தில் இறங்கலாம்.

மே 30, வெள்ளி

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மண்ணை வாரி, வேலி ஓட்டை வழியாக அவர்கள் வாசலில் கொட்டிவிட்டு, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துவிட்டு வந்தேன். யாரை ஏமாற்றுகிறேன்? சாயங்காலம் இவர் போன். காய்ச்சல் இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் ஜோதி வந்து அந்த மண்ணைப் பெருக்கித் தள்ளிவிட்டாள். "வாசல்ல யாரு மண்ணைக் கொட்டுனது?" என்று ஒரு கத்தல் வேறு.

ஜூன் 1, ஞாயிறு

போனேன்.

வேலி ஓட்டை வழியாகப் போகவில்லை. தெருவில் இறங்கி, அவர்கள் வாசல் வழியாக, எல்லாரும் பார்க்கப் போனேன். மடியில் மண். ஜோதி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

மண்ணை அவள் எதிரே கொட்டினேன். "நான் சொன்னது என்னோட போகட்டும்" என்றேன். "ஆயில் இல்ல ஜோதி. பூச்சி. நான் போட்ட நொய்யிக்கு வந்த எறும்பு…"

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தெரியும்கறேன். நீங்க கொட்டுற சர்க்கரைக்கு எறும்பு எங்க வீட்டு டப்பா வரைக்கும் வருது. கனிஷ்கா போன்ல பாத்து அப்பவே சொன்னா, மாவுப்பூச்சி, எறும்பால வருதுன்னு. மறுநாள் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க தலையை விரிச்சுப் போட்டுட்டு மண்ணை வாரிட்டீங்க."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன் சொல்லணும்?" வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். கத்தியை என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டேதான் பேசினாள். "எம் பொண்ணு பட்டுப்போகணும்னு தெருவே கேக்கச் சொன்னீங்க. அது யாரு தலையில விழப்போவுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். விழட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு உள்ள போனேன். போயி ஒரு வாய் தண்ணி எறங்கல எனக்கு. அந்தப் புள்ளை உங்களுக்கு மட்டும்தான் புள்ளையா? பொங்கலுக்கு வந்தப்ப உங்களுக்குத் தெரியாம வேலி வழியாத் தலையை நீட்டி, சித்தி, கருவாட்டுக் குழம்பு இருக்கான்னு கேட்டவன் அவன். நீங்க மண்ணை வாரின அன்னைக்குச் சாயங்காலமே சமயபுரத்தாளுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சேன், அவனை வுட்டுரு தாயேன்னு. வெள்ளிக்கு வெள்ளி போயிட்டு வரேன். உங்களுக்காக ஒண்ணும் இல்ல. நீங்க எக்கேடோ கெட்டுப் போங்க."

நான் அங்கேயே மண் மேல் உட்கார்ந்து அழுதேன். அவள் தேற்றவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு கேள்விப்பட்டேன். கூட யாரு இருக்கா? இவரை அனுப்பவா?" என்று கேட்டாள். அதையும் அதட்டலாகத்தான் கேட்டாள்.

ஜூன் 4, புதன்

காய்ச்சல் இறங்குகிறது. கஞ்சி குடித்தானாம். டாக்டர் மருந்தை மாற்றினார், அதனால்தான் என்கிறார் இவர். இருக்கட்டும். நவநீதன் போய் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கான் அண்ணி" என்றான். எனக்கு அவனைப் பார்க்கத் தலை நிமிரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததும் கத்தரிச் சத்தம். ஜோதி அந்தப் பக்கம் நின்று வேலியை வெட்டிக்கொண்டிருக்கிறாள்! ஓடினேன்.

"என் வேலியை எதுக்கு வெட்டுற?"

"ஆமா, பெரிய வேலி! இதுல என்ன இருக்கு இனிமே? முழங்கால் உயரத்துக்கு வெட்டுனாத்தான் புதுசா துளிர்க்குமாம். உங்க பக்கம் நீங்க வெட்டுறீங்களா, நானே வந்து வெட்டவா?"

வெட்டினேன். என்ன செய்வது? வெட்டிய கிளையைப் போன தடவை மாதிரி தூரில் போடப் போனேன். "அங்க போடாதீங்க! மறுபடி அதிலேர்ந்து ஏறும். சாக்குல கட்டுங்க" என்று ஒரு கத்தல். சாக்கில் கட்டி எரித்தோம். எறும்புப் புற்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். பாவம்டி என்றேன். "பாவம் பாத்துத்தான் இங்க வந்து நிக்குது" என்றாள். மிச்சமிருக்கிற தண்டுகளுக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் அடித்துக் கலந்து, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் தெளித்தோம். அவளுக்குக் கலக்கத் தெரியவில்லை, எண்ணெய் தனியே மிதக்கிறது. சொன்னேன். முறைத்தாள்.

பரிகாரத்தை விடவில்லை. நேற்று நொய்யை எடுத்துக்கொண்டு கோயில் வன்னி மரத்தடிக்குப் போய் வந்தேன்.

ஜூன் 14, சனி

இளவரசன் வந்துவிட்டான். குச்சியாய் இருக்கிறான். வந்ததும் கொல்லைப் பக்கம் போய், "என்னம்மா, வேலியைக் காணோம்?" என்றான். நான் பேச வாயெடுப்பதற்குள் அங்கிருந்து ஜோதி, "வெயிலுக்குப் பட்டுப்போச்சுடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. மதியம் ரசம் கொஞ்சம் அதிகமாக வைத்துக் கொடுத்தனுப்பினேன். உப்பு கம்மி என்று சொல்லி அனுப்பினாள்.

ஜூன் 19, வியாழன்

வேப்பெண்ணெய் இரண்டாம் தடவை. எறும்பு இல்லை. துளிரும் இல்லை. வெறும் கட்டைகள். சமையலறையில் நின்றால் அவள் வீடு முழுக்கத் தெரிகிறது.

ஜூன் 26, வியாழன்

காலையில் லாரி வந்து நின்றது. செங்கல். நவநீதன் போன மாதமே சொல்லி வைத்திருந்தானாம், சுவருக்கு. எனக்கு அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, கரண்டியோடு ஜன்னலில் நின்றுவிட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? கெடுத்தவள் நான். கட்டட்டும் என்று அடுப்பு பக்கம் திரும்பினேன்.

ஜோதி குரல் கேட்டது.

"யாரு சொன்னா கொண்டாரச் சொல்லி?"

"சார்தாங்க. காம்பவுண்டு சுவருக்குன்னு சொன்னாரு."

"அதெல்லாம் வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

லாரிக்காரர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லையேம்மா?"

"ஏன், வேலி இருக்குல்ல?"

அவர் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இலை இல்லை அதில். அப்புறம் என்ன நினைத்தாரோ, லாரியைப் பின்னால் எடுத்தார்.

ஜோதி திரும்பினாள். ஜன்னலில் என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? உங்க பக்கம் தண்ணி ஊத்தியாச்சா?"

அடுப்பைச் சின்னதாக்கி வைத்துவிட்டுப் போய் ஊற்றினேன்.